எழுநூத்தம்பது வாட், எட்டு பின் ரெண்டு

பாப்பா, தப்பா எடுத்துக்கலன்னா ஒண்ணு சொல்லுதேன். நான் ஒட்டுக் கேக்கல. பக்கத்து சீட்டுல உட்கார்ந்து போன்ல பேசினா காதுல விழத்தானே செய்யும். “எங்கம்மாவுக்கு ஒண்ணும் விளங்காது, கடைக்கு அனுப்பினா தப்பாத்தான் வாங்கிட்டு வருவாங்க”ன்னு நீ யார்கிட்டயோ சொன்னதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. நாம கோபமாப் பேசிட்டிருக்கோம், இந்தப் பொம்பளை சிரிக்குதேன்னு நினைச்சிருப்பே. மன்னிச்சுக்கோம்மா. என் மகனும் இதையேதான் சொன்னான். இதே வார்த்தை.

மதுரைக்குத்தானே போறே? நானும் அங்கதான், என் தங்கச்சி வீட்டுக்கு. அப்ப நேரம் இருக்கு. அந்த ஜன்னலைக் கொஞ்சம் இழுத்து விடு, காத்து முகத்துல அடிக்கு.

கம்ப்யூட்டருக்குள்ள எஸ்.எம்.பி.எஸ்.னு ஒண்ணு இருக்கு, உனக்குத் தெரியுமா? தெரியாதா? பாத்தியா, நீ காலேஜெல்லாம் படிச்சிருப்பே. நான் எட்டாவதோட நின்னவ. எனக்குத் தெரியும். செங்கல் மாதிரி ஒரு இரும்புப் பெட்டி. சுவத்துல இருந்து வர்ற கரண்டை வாங்கி, உள்ள இருக்குற ஒவ்வொண்ணுக்கும் அதது தாங்குற அளவுக்குப் பங்கு வச்சுக் குடுக்கும். பந்தியில பரிமாறுற ஆள்னு வச்சுக்கோயேன். அந்தப் பெட்டி வாங்கின கதையைத்தான் சொல்ல வந்தேன்.

என் மூத்தவன் தனிஸ்லாஸ் மஸ்கட்ல இருக்கான், குடும்பத்தோட. இளையவன் ஜெர்வின். இது ஜெர்வின் கதை. அவன் சென்னையில ஒரு கம்பெனியில வேலை பார்த்தான். சினிமாவுக்குக் கம்ப்யூட்டர்ல படம் செய்யுற இடம். கட்டடம் இடிஞ்சு விழும், கப்பல் எரியும், அதெல்லாம் நிஜமில்லையாமே. இவனுக்குக் குடுத்த வேலை தண்ணி செய்யுறது. ஒரு படத்துக்குக் கடல் பொங்கி ஊருக்குள்ள வர்ற மாதிரி கடல் செஞ்சான். வருஷம் பூரா அந்த ஒரே கடலைச் செஞ்சான். எங்க வீட்டுக்குப் பின்னால ஒரு கடல் சும்மாவே கிடக்கு. இவன் அங்க ஏசி ரூம்ல உட்கார்ந்து வேற ஒரு கடல் செஞ்சிட்டிருந்தான். எனக்குப் பெருமைதான்.

அந்தக் கம்பெனியைத் திடீர்னு மூடிட்டாங்க. காலையில வேலைக்குப் போனவங்களை வாசல்லயே நிறுத்தித் திருப்பி அனுப்பிட்டாங்களாம். அந்தப் படமும் வரல, அந்தக் கடலையும் யாரும் பார்க்கல. இவன் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்கு வந்தான். மழைக்காலத்துல வந்தவன் ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்தினான். அவ்வளவுதான். கிறிஸ்மஸ் போச்சு, தவக்காலம் போச்சு, ஈஸ்டர் போச்சு. பிள்ளை வாசல் கேட்டைத் தாண்டல.

சண்டையில்ல, அழுகையில்ல. குடிக்கல்லாம் மாட்டான். தட்டைக் கதவுக்கிட்ட வைப்பேன், கொஞ்ச நேரம் கழிச்சுப் போனா காலித் தட்டு இருக்கும். நாங்க அசந்த நேரம் பார்த்துக் குளிப்பான். “ஜெர்வின்”னு கூப்பிட்டா “ம்”னு ஒரு சத்தம் வரும். அந்த “ம்”முக்காகவே ஏதாவது கேட்டுக்கிட்டிருப்பேன். “சாம்பாரா, ரசமா?” “ம்.” ரெண்டையும் ஊத்தி வைக்க வேண்டியதுதான்.

அவங்க அப்பா ஹார்பர்ல கிரேன் ஓட்டி ரிட்டையர் ஆனவர். வியாகுலம்னு பேரு. பேருதான் வியாகுலம், அவருக்குக் கவலைப்படத் தெரியாது, கோபப்படத்தான் தெரியும். “ஏ செலஸ்டின், ஒருநாள் இல்ல ஒருநாள் இந்தக் கதவைக் கழட்டி எடுத்து மொட்டை மாடியில போடப் போறேன், பாத்துக்கோ”ம்பார். அப்பனும் மகனும் பேசிக்கிறதே கிடையாது. நான் செவ்வாய்க்கிழமை தவறாம அந்தோணியார் கோயில் நவநாள் ஜெபத்துக்குப் போவேன். காணாமப் போன பொருளைக் கண்டுபிடிச்சுத் தர்றவர் அவர். சாவி காணல, கம்மல் காணலன்னு வந்து நிப்பாங்க. நானும் நின்னேன். என் பிள்ளை வீட்டுக்குள்ளயே காணாமப் போயிட்டான் சாமீன்னேன். வேற என்னத்தைக் கேக்க? வேலை வேணும், கல்யாணம் ஆகணும்னுலாம் கேக்கல. கேட்டைத் தாண்டி ஒரு நாள் வெளிய போயிட்டு வரட்டும், அது போதும்னு கேட்டேன்.

அப்பத்தான் மஸ்கட்ல இருந்து ஊருக்கு வந்த ஒருத்தர் மூலமா மூத்தவன் ஒரு பெட்டி குடுத்து விட்டான். கிராஃபிக்ஸ் கார்டு. படம் செய்யுறவங்களுக்கு அது பெரிசா இருக்கணுமாம். மூத்தவன் போன்ல சொன்னான்: “எம்மா, பெங்களூர்ல எனக்குத் தெரிஞ்ச ஒருத்தன் ஆள் தேடுதான். இவன் ஒரு சின்னப் படம் செஞ்சு அனுப்பினாப் போதும், பார்த்துட்டு வேலை குடுப்பான். பழைய கார்டுல அது ஆகாது. இதைப் போட்டுச் செய்யச் சொல்லு.”

நான் போய்க் கதவைத் தட்டினேன். ஒரு கை வந்துச்சு, பெட்டியை வாங்கிச்சு, கதவு சாத்திச்சு. ஆனா உள்ள பெட்டியைப் பிரிக்கிற சத்தம் கேட்டுச்சு பாரு. நான் அங்கயே நின்னுட்டேன். ஸ்க்ரூ கழட்டுற சத்தம். அப்புறம் உள்ளயிருந்து குரல்: “இதுக்கு எஸ்.எம்.பி.எஸ். பத்தாது.”

“அப்படின்னா?”

“வேற வாங்கணும். விடு. வேண்டாம்.”

மூத்தவன்கிட்ட சொன்னேன். “அதுக்கென்ன, நான் இங்க இருந்தே ஆர்டர் போட்டுருதேன், வீட்டுக்கே வந்துரும்”னான். நான்தான் வேண்டாம்னேன். வீட்டுக்கு வர்ற பொருளைக் கையால தொட்டுப் பார்த்து வாங்குறதுதான் எனக்குப் பழக்கம். “எம்மா, அது கத்திரிக்காயாம்மா?”ன்னான். இருக்கட்டும்ல, நான் போய் வாங்கிட்டு வாரேன்னேன்.

இப்ப நீயே சொல்லு, தெரியாத பொருள் வாங்கப் போகணும்னா என்ன செய்வோம்? ஜாக்கெட் தைக்கக் குடுக்கப் போனா அளவு ஜாக்கெட் கொண்டு போவோம்ல. அதே மாதிரிதான். “அந்தப் பழைய பெட்டியைக் கழட்டிக் குடு, அளவுக்குக் கொண்டு போறேன்”னேன். உள்ள மறுபடியும் ஸ்க்ரூ கழட்டுற சத்தம். அப்புறம் கதவு திறந்து, வயரெல்லாம் தொங்கத் தொங்க அந்தப் பெட்டியைக் குடுத்தான். வலையில பிடிச்ச கணவாய் மீன் மாதிரி இருந்துச்சு. கட்டைப்பையில போட்டுக்கிட்டு பஸ் ஏறிட்டேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல ஒரு மாடியில அந்தக் கடை. இசக்கிராஜ்னு ஒரு தம்பி நடத்துது. நல்ல பிள்ளை, “வாங்கம்மா, உக்காருங்க”ன்னு ஸ்டூல் எடுத்துப் போட்டுச்சு. பையில இருந்து கணவாயை எடுத்து மேஜை மேல வச்சு, “இதே அளவுல ஒண்ணு புதுசு குடுங்க தம்பி”ன்னேன்.

“இது கெட்டுப் போச்சாம்மா?”

“கெடல. புதுசாக் கார்டு வந்திருக்கு. அதுக்கு இது பத்தாதாம்.”

“பத்தாதுன்னா இதே அளவு எதுக்கும்மா? என்ன கார்டு? எத்தனை வாட் கேக்கு?”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது தம்பி. பிள்ளை இதைத்தான் குடுத்து விட்டிருக்கான்.”

அந்தத் தம்பி என்னைப் பார்த்துச்சு, பெட்டியைப் பார்த்துச்சு. “போன் போட்டுக் கேளுங்களேன்”னுச்சு. அவன் போன் எடுக்க மாட்டான்னேன். பெட்டியைப் பிரிக்காமக் கொண்டு வந்தா மாத்தித் தாரேன்னு சொல்லி, நான் கேட்டதையே எடுத்துக் குடுத்துச்சு.

வீட்டுக்கு வந்து கதவைத் தட்டிக் குடுத்தேன். நான் அடுப்படிக்குத் திரும்பினதுதான் தாமதம், பின்னாலயே வந்துட்டான் பாப்பா. ரூமை விட்டு. பட்டப்பகல்ல. முடி தோள் வரைக்கும் வளர்ந்து கிடக்கு, சிலுவைப்பாதையில வர்ற இயேசு சொரூபம் மாதிரி.

“எம்மா, இது என்னது?”

“நீ கேட்டதுதான்ல.”

“இது பழசும்மா! பழசு என்னவோ அதுவே புதுசா வந்திருக்கு! பழசு பத்தாதுன்னுதானே சொன்னேன்?”

“அளவு சரியா இருக்கான்னு பாரு.”

“அளவு சரியாத்தான் இருக்கு. அதான் பிரச்சினை!”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துட்டான். வாட்னா என்னன்னு சொன்னான். எனக்கு விளங்கலன்னேன். “நம்ம வீட்டு இன்வெர்ட்டர்ல ஃபேன் ஓடும், லைட் எரியும். கிரைண்டரைப் போட்டா என்ன ஆகும்?” கீகீன்னு கத்திட்டு நின்னுரும்னேன். “அதான். இந்தக் கார்டு கிரைண்டர். இது மட்டும் தனியா இழுக்கும் அவ்வளவு கரண்டு. மத்ததெல்லாம் சேர்ந்தா எழுநூத்தம்பது வாட் பெட்டி வேணும். கார்டுக்கு நேரா ரெண்டு வயர் வரணும், ஒவ்வொண்ணுலயும் எட்டு எட்டு பின் இருக்கும். பழசுல அந்த வயரே கிடையாது.”

“இல்லாம மாட்டினா வெடிச்சிருமா?”

“வெடிக்காது. வேலை நடுவுல டப்புன்னு அணைஞ்சிரும். கெட்டுப் போயி இல்லம்மா. வேண்டிய அளவு வரலன்னா, எரிஞ்சு போயிரக் கூடாதேன்னு அதுவே தன்னை அணைச்சுக்கும்.”

“பாவம்”னேன் நான்.

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அப்புறம் “எதுக்குப் பாவம், மெஷின்தானே”ன்னான். நான் குக்கர்ல அரிசி வச்சேன், அவன் பேசிட்டே இருந்தான். குக்கர் கூவி முடிச்சுச்சு, இன்னும் பேசிட்டே இருந்தான். சோத்தைப் போட்டு முன்னால வச்சேன், அங்கயே சாப்பிட்டான். அன்னைக்கு ரசம்தான். ஏன் சாம்பார் இல்லன்னு கேட்டான். எவ்வளவு பெரிய கேள்வி பாரு அது.

கடைசியில, “எங்க சொல்லு பார்ப்போம்”னான். எழுநூத்தம்பது வாட், எட்டு பின் ரெண்டுன்னேன். “கரெக்ட். எழுதித் தரட்டா?”ன்னான். எதுக்கு, எனக்குத்தான் ஞாபகம் இருக்கேன்னேன்.

ஞாபகம் இருந்துச்சு, பாப்பா. பொய் சொல்லக் கூடாது. அடுத்தநாள் பஸ்ஸுல ஜெபமாலை சொல்லிக்கிட்டே போனேன், பத்துப் பத்து மணியா உருட்டி, நடுநடுவுல எழுநூத்தம்பது வாட், எட்டு பின் ரெண்டுன்னும் சொல்லிக்கிட்டேன். கடைக்குப் போயும் அப்படியே சொன்னேன். இசக்கிராஜ் தம்பிக்குச் சந்தோஷம். “இப்பச் சொன்னீங்களே, இது கணக்கு”ன்னு சொல்லி உள்ள போயி ஒரு பெட்டியைத் தூக்கிட்டு வந்துச்சு. கையில வாங்கினேன். நல்ல கனம்.

அந்த இடத்துல எனக்கு என்ன வந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. “தம்பி, இவ்வளவு பெருசுன்னா கரண்டு நிறைய இழுக்குமே? கொஞ்சம் சின்னதா ஒண்ணு குடுங்களேன்”னு கேட்டுட்டேன்.

அந்தத் தம்பி பொறுமையாச் சொல்லுச்சு. “அப்படி இல்லம்மா. மொட்டை மாடியில பெரிய தண்ணித் தொட்டி வச்சிருக்கீங்க. பெரிய தொட்டின்னு தினம் தொட்டித் தண்ணி பூராத்தையுமா செலவழிக்கீங்க? வேணுங்கிற அளவுதானே திறந்து விடுதீங்க. இதுவும் அப்படித்தான். தேவைக்குத்தான் இழுக்கும்.”

எவ்வளவு அழகாச் சொல்லுச்சு பாரு. எனக்கு நல்லா விளங்கிருச்சு. விளங்கி, சின்னதையே வாங்கிட்டு வந்தேன். ஐநூத்தம்பது வாட், எட்டு பின் ஒண்ணு.

எனக்குக் கடைகண்ணிக்குப் போய்ப் பழக்கம் இல்லாம இல்ல. மீன் வாங்கப் போனா செவுளைத் தூக்கிப் பார்க்காம கூடையில போட விட மாட்டேன். மார்க்கெட்டுல என்னைக் கண்டாலே “செலஸ்டின் அக்கா வருது, நல்லதை எடுத்து மேல போடு”ம்பாங்க. இந்த ஒரு பெட்டியிலதான் கை தப்பிப் போச்சு. மாதா சில நேரம் அப்படி ஆக்கிருவாங்க.

அன்னைக்குக் கதவைத் தட்டவே வேண்டியிருக்கல. அவன் ஹால்ல நின்னுட்டிருந்தான். பெட்டியைப் பார்த்தான். மேல எழுதியிருக்கிறதைப் படிச்சான். தலையில கையை வச்சான்.

“எம்மா! நேத்து எப்படிச் சொன்னே! ஒப்பிச்சியே!”

“ஒண்ணு குறைஞ்சா என்னல? அந்த ஒரு வயரை ரெண்டாப் பிரிச்சுக்க முடியாதா? மோட்டாருக்கும் மிக்சிக்கும் ஒரே பிளக்குல போடுறோமே, அந்த மாதிரி.”

“எரிஞ்சிரும்மா!” அப்படி ஒரு சத்தம். மாசக்கணக்கா “ம்” மட்டும் சொன்ன தொண்டை. கொல்லையில துணி எடுத்துட்டிருந்த அவங்க அப்பா என்னமோ ஏதோன்னு நொண்டிக்கிட்டே ஓடி வந்துட்டார், கையில என் சேலையோட.

“என்னல எரியுது? யாருல கத்துறது?”

“உங்க பொண்டாட்டி வயரைப் பிரிக்கச் சொல்லுது!”

“எந்த வயரை?”

ஜெர்வின் என் கையைப் பிடிச்சு ரூமுக்குள்ள இழுத்துட்டுப் போயிட்டான், “வந்து பாரு, வந்து கண்ணால பாரு”ன்னு. அப்பாவும் பின்னாலயே வந்தார். அந்த ரூமுக்குள்ள நாங்க எப்பப் போனது! கார்டை எடுத்துக் காட்டினான். இங்க ரெண்டு இடம் இருக்கு, ரெண்டுக்கும் தனித்தனியா வரணும், ஒத்தை வயர்ல ரெண்டு பேர் சுமையை ஏத்தினா வயர் சூடாகி உருகிரும்னான். அவர் கண்ணாடியைப் போட்டுக்கிட்டுக் குனிஞ்சு பார்த்தார். நான் அதுக்குள்ள ஜன்னலைத் திறந்து விட்டுட்டு, கட்டிலுக்கு அடியில கிடந்த டம்ளரையெல்லாம் பொறுக்கிட்டேன். ஒருத்தரும் என்னைக் கவனிக்கல.

“மொத்தச் சுமை எவ்வளவு வரும்?”ன்னு கேட்டார் அவர்.

“ஐநூறு கிட்ட வரும்.”

“அப்ப ஐநூத்தம்பது பத்தாது. பத்து டன் கிரேன்ல பத்து டன் தூக்கக் கூடாதுல்லா. தூக்கும்போது ஒரு குலுக்கு குலுக்கும் பாரு, அந்தக் குலுக்குக்கு இடம் விடணும்.”

“அதேதான்ப்பா! கார்டும் திடீர் திடீர்னு குலுக்கும். அதுக்குத்தான் எழுநூத்தம்பது கேக்கேன்.”

“இதை உங்கம்மாகிட்ட போய்ச் சொன்னா விளங்குமால? அவ ஒண்ணும் தெரியாதவ.”

“எங்கம்மாவுக்கு ஒண்ணும் விளங்காது. கடைக்கு அனுப்பினா தப்பாத்தான் வாங்கிட்டு வருவாங்க.”

ரெண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிச்சாங்க, பாப்பா. அப்பனும் மகனும் ஒண்ணா நின்னு ஒரு பேச்சுப் பேசினாங்க, அது என்னை முட்டாள்னு சொன்ன பேச்சு. நான் டம்ளரை எடுத்துட்டு அடுப்படிக்கு வந்துட்டேன். ரெண்டு பேருக்கும் காப்பி போட்டேன். சீனி கொஞ்சம் கூடிப் போச்சு.

காப்பியைக் குடிச்சுட்டு அவர் சட்டையை எடுத்து மாட்டினார். “நீ இனிமே போகாத. நான் போய் வாங்கிட்டு வாரேன்.”

அவரைப் போக விடுவேனா? அவர் போனா சரியானதை வாங்கிட்டு வந்துருவார். அவர் அப்படிப்பட்டவர். கேட்டதைக் கேட்டபடி வாங்கி வருவார், ஜெர்வின் அதை மாட்டுவான், கதவைச் சாத்திக்குவான். நான் சொன்னேன், “அந்த மாடிப்படி செங்குத்து, உங்க முழங்காலுக்கு ஆகாது. தப்பு நான் பண்ணினது, நானே போய் மாத்திட்டு வாரேன்.” முழங்கால் அவருக்கு நிஜமாவே வலிதான். அதுல பொய் இல்ல.

மூணாவது தடவை என்னைப் பார்த்ததும் இசக்கிராஜ் தம்பி ஸ்டூல் எடுத்துப் போடல. எந்திரிச்சே நின்னுடுச்சு. “அம்மா, நான் அன்னைக்கே சரியானதைத்தானே எடுத்துக் குடுத்தேன்?”னுச்சு. அப்படியா தம்பின்னேன். “உங்களுக்கு நான் இனிமே குடுக்க மாட்டேன். கோபத்துல சொல்லல. நீங்க பஸ்ஸுல இதைத் தூக்கிட்டு அலையுறதைப் பார்க்கக் கஷ்டமா இருக்கு. உங்க மகனை ஒரு நடை வரச் சொல்லுங்க. கார்டையும் எடுத்துட்டு வரட்டும். இங்கயே மாட்டி, ஓட்டிக் காட்டி அனுப்புதேன்.”

நான் பெட்டியை அங்கயே குடுத்துட்டு வெறுங்கையோட வந்தேன். ஜெர்வின் வாசல் கேட்டுக்குப் பக்கத்துல நின்னான். கேட்டுக்கு உள்பக்கம்தான். “பெட்டி எங்கம்மா?”ன்னான்.

“குடுக்க மாட்டேன்னுட்டார்ல.”

“ஏன்?”

“என்னத்தைச் சொல்ல. ‘ரெண்டு தடவை தப்பாச் சொல்லி அனுப்பியிருக்கான்னா, உங்க மகனுக்கு இதைப் பத்தி ஒண்ணும் தெரியாதுபோல’ங்கார்.”

இசக்கிராஜ் தம்பி இதே வார்த்தையிலயா சொல்லுச்சுன்னு கேட்டா, இதே வார்த்தையில சொல்லல. ஏறக்குறைய சொல்லுச்சு. மகனை வரச் சொல்லுன்னு சொன்னா அதுக்கு என்ன அர்த்தம்? நான் அர்த்தத்தைச் சொன்னேன்.

“எனக்கா? எனக்கா ஒண்ணும் தெரியாது?” மூஞ்சி எல்லாம் சிவந்து போச்சு. “எங்க இருக்கான் அவன்?” உள்ள போனான். சட்டை மாட்டினான், பித்தானை மாத்திப் போட்டான். முடியை என்னோட ரப்பர் பேண்டுல கட்டிக்கிட்டான். கார்டைத் துண்டுல சுத்தி எடுத்தான், கம்ப்யூட்டரைத் தூக்கி அப்பாவோட ஸ்கூட்டர்ல முன்னால நிக்க வச்சான். “ஏறும்மா பின்னால”ன்னான்.

அவங்க அப்பா வாசல்லயே நிக்கார். வாயைத் திறந்து ஏதோ சொல்லப் போனார். நான் கண்ணைக் காட்டினேன், மூடிக்கிட்டார். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல நான் கண்ணைக் காட்டி அவர் வாயை மூடினது அந்த ஒரு தடவைதான்.

கேட்டைத் தாண்டும்போது நான் கண்ணை இறுக்க மூடிக்கிட்டேன். அருள்நிறை மரியே வாழ்கன்னு ஆரம்பிச்சவ, முடிக்குறதுக்குள்ள எதிர்த்தாப்ல வந்த ஆட்டோக்காரனை இவன் ஏசுற சத்தம் கேட்டுச்சு. கண்ணைத் திறந்து பார்த்தா நாங்க மெயின் ரோட்டுல.

கடையில போய், மெஷினை மேஜையில டொப்புன்னு வச்சான். “யாருக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னீங்க?”

இசக்கிராஜ் தம்பி முழிச்சுச்சு. “நான் எப்ப சார்...?”ன்னு ஆரம்பிச்சு, என்னைப் பார்த்துச்சு. நான் சுவத்துல மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துட்டிருந்தேன். நல்ல காலண்டர், பூனைக்குட்டிப் படம் போட்டது. அப்புறம் அந்தத் தம்பி சொல்லுச்சு, “ஆமா சார். சொன்னேன். நீங்க எந்த அளவுக்குத் தெரிஞ்ச ஆள்னு எனக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சவர்னா வந்து சொல்லுங்க, கேப்போம்.”

அவ்வளவுதான். அடுத்து அவங்க பேசினது எனக்கு விளங்கல, நிஜமாவே விளங்கல. இந்தப் பெட்டியில வயர் மெலிசு, அந்தப் பெட்டியில வாட் எழுதியிருக்கு ஆனா தராது, இது கேபினெட்டுக்குள்ள நுழையாதுன்னு இவன் ஒவ்வொண்ணாத் தள்ள, அந்தத் தம்பி ஒவ்வொண்ணா எடுத்துட்டு வந்து அடுக்க, மேஜை பூரா பெட்டி. கடைசியில ஒண்ணை எடுத்தாங்க. நான் பெருசா இருக்குன்னு வேண்டாம்னேனே, அதேதான். நான் மறுபடியும் காலண்டர் பக்கம் திரும்பிக்கிட்டேன். கார்டை மாட்டினாங்க, சுவிட்சைப் போட்டாங்க, ஃபேனெல்லாம் சுத்துச்சு. “ஏதாவது கனமா ஓட்டிப் பார்ப்போமா சார், அணையுதான்னு”ன்னு அந்தத் தம்பி கேட்டுச்சு. ஜெர்வின் கொஞ்சம் தயங்கினான். அப்புறம் எதையோ தேடித் திறந்தான்.

தண்ணி. அவன் செஞ்ச கடல், பாப்பா. அந்தச் சின்னத் திரையில அலை எழும்பி எழும்பி வருது. கடைக்கு வந்திருந்தவங்க எல்லாம் வந்து பின்னால நின்னுட்டாங்க. ஒருத்தர், “இது எந்த ஊர்ல எடுத்தது?”ன்னு கேட்டார். “எடுக்கலண்ணே, செஞ்சது”ன்னான். “நீயா?” “நான்தான்.” அலை வந்துக்கிட்டே இருந்துச்சு. மெஷின் அணையல.

அப்புறம் என்ன. கட்டுனான், தூக்குனான், படியில இறங்குனான். அண்ணன்கிட்ட சொல்லணும், அந்தப் பெங்களூர்க்காரனுக்கு இன்னைக்கே ஆரம்பிக்கணும்னு தனக்குத்தானே பேசிக்கிட்டே போனான். நான் முழங்காலைப் பிடிச்சு ஒவ்வொரு படியா இறங்கிட்டிருக்கேன், கீழ ஸ்கூட்டர் கிளம்புற சத்தம் கேக்கு. வாசலுக்கு வந்து பார்த்தா, ரோட்டுக் கடைசியில ரப்பர் பேண்டு போட்ட முடி மட்டும் தெரியுது. என்னை விட்டுட்டுப் போயிட்டான்.

மேல இருந்து இசக்கிராஜ் தம்பி எட்டிப் பார்த்துச்சு. “அம்மா, விட்டுட்டுப் போயிட்டாரே! போன் போடுங்க, இருங்க நான் போடுதேன்.” வேண்டாம் தம்பி, போகட்டும், போகட்டும்னேன். பிள்ளை தன்னால ரோட்டுல போறதை நிறுத்தக் கூடாதேன்னு நான் கெஞ்சுனது அந்தத் தம்பிக்கு விளங்கியிருக்காது.

சரி, இவ்வளவு தூரம் வந்தாச்சு, மாதாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போவோம்னு மாதா கோயிலைப் பார்த்து நடந்தேன். வெயில்தான், ஆனா தெரியல. கோயில் வாசலுக்கு வந்து செருப்பைக் கழட்டப் போறேன், பையில போன் அடிக்கு. எடுத்துப் பார்த்தா ஜெர்வின்னு பேரு வருது. அந்தப் பேரு என் போன்ல வந்து எத்தனை மாசம். அவசர அவசரமா எடுத்தேன்.

“எம்மா! எங்க இருக்க? நீ ஏறலயா? வீட்டு வாசலுக்கு வந்துதான் பார்த்தேன், பின்னால ஆளையே காணோம்! அப்பா என்னை உண்டு இல்லைன்னு ஆக்குதார்!”

பஸ்ல வந்துருதேன்ல, நீ வேலையைப் பாருன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன்.

அப்புறம், இன்னொரு தடவை அவன் கேட்டைத் தாண்டட்டுமேன்னு, “கடை வாசல்லயேதான் நிக்கேன்”னு சொன்னேன்.

“அங்கயே நில்லு. எங்கயும் போயிராத. நான் இப்ப வாரேன்.”

போனை வச்சான். நான் மாதாவைப் பார்த்து வெளியில இருந்தே ஒரு கும்பிடு போட்டுட்டு, செருப்பை மாட்டிக்கிட்டு, வந்த வழியே வேகமா நடக்க ஆரம்பிச்சேன். அவன் வந்து சேர்றதுக்குள்ள நான் அங்க போய் நிக்கணும்லா, பாப்பா.